ஈரத் தலை

ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்கள் பயிற்சியாளரிடம் கேட்கும் முதல் கேள்வி மூட்டைப் பற்றியோ முதுகைப் பற்றியோ இருப்பதில்லை. “வேர்த்தா முடி கொட்டுமா?” என்பதுதான் அது. நான் போகும் இடத்தில் இரண்டு ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். வங்கியில் வேலை பார்ப்பவர் கேட்டிருக்கிறார், கல்யாணம் நிச்சயமான பெண் கேட்டிருக்கிறார், பேத்தி எடுத்தவர் கேட்டிருக்கிறார். ஆண்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வழுக்கைக் கவலை இல்லாமலில்லை. வேர்வைக்கும் வழுக்கைக்கும் முடிச்சுப் போட அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை அழகுக் குறிப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது எளிது. பெண்ணியம் பேசுகிற நாமே பல நேரம் அப்படித்தான் செய்கிறோம். முடியைப் பற்றிப் பேசுவது அற்பம் என்று நமக்கும் ஓர் எண்ணம் உண்டு. ஆனால், தன் இதயத்துக்கும் எலும்புக்கும் நல்லது என்று நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒரு பெண் தன் முடிக்காகத் தள்ளிப்போடுகிறாள் என்றால், அங்கே இருப்பது அறம் சார்ந்த கேள்வி. உடம்பின் ஒரு பகுதி மற்ற பகுதிகளைவிட மேலான உரிமை பெற்றது எப்படி? அந்தப் பட்டாவை அதற்கு எழுதிக் கொடுத்தவர் யார்?

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வேர்வையால் முடி கொட்டாது. வெளியே நாம் பார்க்கிற முடி உயிரற்றது, கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை. உயிர் இருப்பது தோலுக்கு உள்ளே, வேர்ப்பையில். வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அது வேரைப் போய் அறுப்பதில்லை. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடிவரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் வேர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து மணிக்கணக்கில் மண்டையில் ஊறினால் அரிப்பும் பொடுகும் வரும். அரிப்புக்குச் சொறிகிற நகம் செய்கிற கேடு தனி. அதனால் பயிற்சிக்கு முன்னால் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு போகாமலிருப்பது நல்லது. எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வைக்கலாம். தேங்காயெண்ணெய்க்கு முடியிழைக்குள் ஊடுருவும் தன்மை உண்டு, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. நம் பாட்டிமார்கள் சொன்னவற்றில் ஆய்வகமும் ஒப்புக்கொண்டது இது. வேர்த்த நாளெல்லாம் ஷாம்பு போட வேண்டுமென்பதில்லை. வெறும் தண்ணீரில் மண்டையை அலசினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஷாம்புவை மண்டையில் தேய்த்தால் போதும், நுனிவரை கசக்க வேண்டாம். நீச்சல் குளத்தில் இறங்குகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு தொப்பி போட்டால், முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும்.

முடியை உண்மையில் இழக்கவைப்பது இழுப்பு. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டும் குதிரைவால், நெற்றியோரத்தையும் காதோரத்தையும் மெல்ல மெல்ல வழித்துவிடும். அப்படி நீண்டகாலம் இழுபட்ட வேர்ப்பை பிறகு முளைக்காமலே போய்விடலாம். பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டி, கண் இழுக்குமளவுக்கு வாரிவிடப்பட்ட தலைமுறை நாம். சவுரியும் தலைசாமானும் வைத்துப் பல ஆண்டு ஆடிய பெண்களின் முன்நெற்றியைப் பார்த்தாலும் இது புரியும். ஓடும்போதும் எடை தூக்கும்போதும் தளர்வான பின்னல் போதும். ஈர முடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது. ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவதால்தான் நம்மில் பலருடைய முடி நடுவில் முறிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்று அழுகிற பெண்களிடம், இரண்டு மாதங்களாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒன்றுமில்லை. உடம்பு திடீர்ப் பட்டினியைக் கண்டால் அவசியமில்லாத செலவைத்தான் முதலில் நிறுத்தும். முடி வளர்ப்பது அதன் கணக்கில் அவசியமில்லாத செலவு. நிறுத்தியதன் விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் தெரியும். அதற்குள் நாம் பட்டினியை மறந்துவிட்டு டிரெட்மில்லைக் குற்றம் சொல்லத் தொடங்கியிருப்போம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். குழம்பில் மிஞ்சிய மீனின் தலையும், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்தெடுத்த சோறும் உண்கிறவர்களின் நாடு இது. முடி கொட்டினால் எண்ணெயை மாற்றுகிறோம். ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் தைராய்டையும் சோதிப்பதில்லை. சாப்பாட்டுப் பந்தியின் வரிசையை மாற்றச் சொல்லி எந்த எண்ணெய் விளம்பரமும் சொல்லப்போவதில்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் பெண்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயக்கத்தின் காரணம் முடியைவிட ஈரத் தலையில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தமிழ் வீட்டில் பெண் தலை நனைப்பது ஓர் அறிவிப்பு. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு எண்ணெய்க் குளியல், புதனும் சனியும் ஆண்களுக்கு என்று கிழமை பிரித்து வைத்திருக்கிறோம். அந்த நாள் தவறி ஒருத்தி தலைக்கு ஊற்றியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். விலக்கு முடிந்திருக்க வேண்டும், அல்லது சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய இரவைப் பற்றி வீடே ஊகித்துக்கொள்ளலாம். ‘தலைக்குக் குளித்தல்’ என்ற சொல்லே மாதவிலக்குக்கு இடக்கரடக்கலாக ஆகிவிட்ட மொழி நம்முடையது. நான் வாரத்தில் நான்கு நாள் பயிற்சி முடித்துத் தலையை அலசத் தொடங்கிய புதிதில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மூன்றாம் நாள் கேட்டாள்: “என்னளா, இன்னைக்கும் தலைக்கு ஊத்திருக்க? நாளுகூட ஆவலையே?” என் மாதக் கணக்கு நாற்பத்தாறு வயதிலும் அம்மாவிடம் இருக்கிறது. என் கணவர் தினமும் தலைக்குத்தான் குளிக்கிறார். அவருடைய ஈரத் தலைக்குப் பொருள் ஏதும் கிடையாது. அது வெறும் ஈரம்.

வெறும் ஈரமாக இருக்கும் உரிமை என்று ஒன்று உண்டு. உடம்பில் நடப்பது எதற்கும் பொருள் சொல்லவேண்டிய கட்டாயமில்லாமல் இருப்பது. வேர்ப்பதும் அப்படித்தான். ஆணின் வேர்வை உழைப்பு, பெண்ணின் வேர்வை அசுத்தம் அல்லது ஆசை.

நம் இலக்கியத்தில் கூந்தலின் மணத்தைப் பற்றி நடந்த மிகப் பெரிய சண்டை எல்லோருக்கும் தெரியும். குறுந்தொகையின் இரண்டாம் பாடலை ஒட்டிப் பின்னால் புனையப்பட்ட கதை அது. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்று பாண்டியனுக்கு ஐயம் வருகிறது. தருமி பாட்டோடு வருகிறான், நக்கீரர் குற்றம் சொல்கிறார், இறைவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறான். 1965இல் வந்த திருவிளையாடல் படத்தால் நாகேஷின் குரலோடு சேர்த்தே நமக்கு இது மனப்பாடம். முதுகலை வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கதை வரும்போது கருத்துரிமையைப் பற்றிப் பேசுவோம், புலவனின் நெஞ்சுரத்தைப் பற்றிப் பேசுவோம். இரண்டாண்டுக்கு முன் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அரண்மனையிலதானே ராணி இருந்தாங்க? அவங்ககிட்ட கேட்டிருக்கலாமே?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அரசன், புலவன், தெய்வம் மூவரும் கூடி முடிவு செய்யவேண்டிய செய்தியாக ஒருத்தியின் தலை இருந்திருக்கிறது. தலைக்குரியவள் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. போகட்டும், அவர்கள் தேடிய இயற்கை மணம் எது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. முடியிழைக்குத் தனக்கென மணம் ஏதுமில்லை. பூவையும் புகையையும் எண்ணெயையும் கழித்துவிட்டால் மண்டைத்தோலின் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்களும்தான் மிச்சம். கூந்தலின் இயற்கை மணம் வேர்வை மணம். அதை ஏற்க நக்கீரரும் சம்மதிக்கமாட்டார், சிவனும் சம்மதிக்கமாட்டார்.

சிலப்பதிகாரத்தில் மாதவி தலை குளிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீரில் அவள் கூந்தலை நனைத்து, புகையூட்டி உலர்த்துகிறாள். தமிழில் கூந்தல் பராமரிப்புக்கு இதைவிட விரிவான பட்டியல் கிடையாது. மாதவி யார்? ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்கி ஏழாண்டு ஆடல் கற்றுப் பன்னிரண்டில் அரங்கேறியவள். தொழிலாக உடற்பயிற்சி செய்தவள் என்று சொன்னால் தவறில்லை. அந்த ஏழு ஆண்டுகளில் அவள் எத்தனை முறை வேர்த்திருப்பாள், பயிற்சி முடிந்து யார் அவள் தலையைத் துவட்டினார்கள் என்பதற்குக் காப்பியத்தில் ஒரு சொல் இல்லை. பட்டியல் வருவது கடலாடு காதையில், ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க அவள் ஒப்பனை செய்யும்போது. இளங்கோவைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் அரங்கின் அளவுகளையும் ஆசிரியர்களின் தகுதிகளையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் என்று எனக்குத் தெரியும். அந்த நுணுக்கம் எந்த இடத்தில் கூந்தலைத் தொடுகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது குறிஞ்சிப்பாட்டின் பெண்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறார்கள், அருவியில் கண் சிவக்க ஆடுகிறார்கள், கரையேறிக் கூந்தலைப் பிழிந்து ஈரம் போக்குகிறார்கள், தொண்ணூற்றொன்பது பூக்களைத் தேடிப் பறித்துக் குவிக்கிறார்கள். தலைவன் இன்னும் வரவில்லை. அந்தச் சில அடிகளில் முடி யாருக்காகவும் உலரவில்லை. கபிலர் ஆணாக இருந்தும் எப்படியோ பார்த்துவிட்டார்.

முடிக்காக உடம்பைத் தள்ளிப்போடுவது தமிழ்ப் பெண்களின் தனி நோய் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக, அங்கே சர்ஜன் ஜெனரல் என்பார்கள், இருந்த ரெஜினா பெஞ்சமின், அட்லாண்டாவில் நடந்த சிகையலங்காரக் கண்காட்சி ஒன்றுக்குப் போய், முடி கலையும் என்று உடற்பயிற்சியைத் தவிர்க்காதீர்கள் என்று பெண்களிடம் பேசினார். அவரும் கறுப்பினப் பெண். வட கரோலினாவில் 103 கறுப்பினப் பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினர் தலையலங்காரத்துக்காகச் சில நேரம் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே காரணம் வேறு. சுருள்முடியை வெள்ளையரின் முடிபோல நேராக்கினால்தான் அலுவலகத்தில் மதிப்பு என்று ஒரு சமூகம் பழக்கிவைத்திருக்க, நேராக்குவதற்குப் பணமும் பல மணி நேரமும் கொடுத்த பெண்ணுக்கு வேர்வை என்பது நஷ்டக் கணக்கு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன், அடர்ந்த சுருள்முடிக்கென்று செய்யப்பட்ட பெரிய நீச்சல் தொப்பியைப் பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு ஏற்க மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்துக்கு அது பொருந்தவில்லையாம். எதிர்ப்பு எழுந்த பிறகு 2022இல் அனுமதித்தார்கள். யாருடைய தலை இயல்பான தலை என்று முடிவுசெய்ய எல்லா நாட்டிலும் ஒரு சங்கப்பலகை இருக்கிறது.

வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரியார் சொன்னார். பெண்கள் ஆண்களைப்போலக் கிராப் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார். அலங்காரத்தில் போகும் நேரத்தை அவர் கணக்கிட்டது சரியான கணக்கு. 2019இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் தருகிறாள், அதைச் செய்கிற ஆண் 97 நிமிடம். அந்த 299க்கு வெளியே எஞ்சுவதில் ஒரு மணி நேரம் ஓடி, இன்னொரு மணி நேரம் இடுப்புவரை நீண்ட முடியைக் காயவைப்பது எப்படி? ஆனாலும் எனக்கு என் முடி பிடிக்கும். அதைச் சொல்லக் கூச்சமில்லை. சாம்பிராணிப் புகை, மல்லிகையின் குளிர்ச்சி, முதுகில் பின்னல் அசைவதன் கனம் எல்லாமே பிடிக்கும். இந்த விருப்பம் என்னுடையதா, என்னுள் வைக்கப்பட்டதா? ஒன்றைக் கைவிட்டால் யாருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு சோதனை. நான் கவிதை எழுதுவதை நாளைக்கு விட்டால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். வீட்டில் கொஞ்சம் மகிழவும் செய்வார்கள். முடியை வெட்டினால் மாமியார், அம்மா, துறைத்தலைவர், வாட்ச்மேன் வரை பதில் சொல்ல வேண்டும். விருப்பம் என்னுடையதாகவே இருக்கலாம். அதன்மேல் இத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது என்பதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க முடியவில்லை.

என் மாணவி ஒருத்தி கபடி ஆடுகிறவள். மாவட்ட அணிக்குத் தேர்வானபோது முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா பதினாறு நாள் பேசவில்லை. பதினாறு என்று அவளே எண்ணியிருந்தாள். “முடியில்லாம எவன் கட்டுவான்?” என்பது அத்தையின் கேள்வி. புறநானூற்றுக் காலத்திலிருந்து கூந்தலைக் களைவது கைம்பெண்ணின் கோலம், அந்த நினைவு எழுதப்படிக்கத் தெரியாத அத்தையிடமும் பத்திரமாக இருக்கிறது. கபடியில் பாடி வருகிறவளின் முடியைப் பிடித்து இழுப்பது தவறு. வீட்டில் அதற்கு விசில் ஊத ஆளில்லை.

வேர்ப்பதற்குக் காசு கட்டிப் போகிற நம்மைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியுள்ளவர்களும் இருக்கிறார்கள். நடவிலும் செங்கல் சூளையிலும் காலையிலிருந்து வேர்க்கிற பெண்ணிடம் முடி கொட்டுமா என்று எவரும் கவலைப்பட்டதில்லை. அவள் முடியைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்து, அதன்மேல் துண்டைக் கட்டி, அதன்மேல் சும்மாடு வைத்து, அதன்மேல் சுமையையும் ஏற்றுகிறாள். சுமக்கும் இடத்தில் முடி தேய்ந்து உச்சியில் வட்டமாக வழுக்கை விழுந்த பெண்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கூந்தல் அழகைப் பாடிய மொழி அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். அகராதிகளில் எனக்கு அகப்படவில்லை.

நிலையில் தாழ்ந்தவரைத் தலையிலிருந்து உதிர்ந்த முடிக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். தலையில் இருக்கும்வரை மானம், உதிர்ந்தால் குப்பை. குளியலறை வடிகாலில் சுருண்டு கிடக்கும் முடியைக் கண்டதும் பெண்களுக்கு ஏன் நெஞ்சு பதறுகிறது என்பதற்கு இங்கே ஒரு தடயம் கிடைக்கிறது. நோயைவிட முன்னால் அவமானம் கண்ணுக்குத் தெரிகிறது.

கல்லூரி விடுதியில் விளையாட்டு மாணவிகள் நாற்பது பேர் இருக்கிறார்கள். காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை மைதானத்தில் பயிற்சி. விடுதியில் தண்ணீர் வருவது ஐந்தரையிலிருந்து ஏழு வரை. ஏழரைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாளி பிடித்து வைக்கலாம், அதற்குமேல் கிடையாது. ஒரு வாளியில் உடம்பைக் கழுவலாம், முழங்கை நீள முடியை அலச முடியாது. எட்டரைக்கு வகுப்பு. ஆகவே வேர்வை காய்ந்த தலையை இறுக்கிப் பின்னி, மணத்தை மறைக்கப் பவுடர் தூவி வருவார்கள். பொடுகும் பேனும் அவர்களிடம்தான் அதிகம் என்று விடுதிக் காப்பாளர் ஆண்டுதோறும் குறைப்படுவார். ஒழுங்காக இருக்கத் தெரியாத பெண்கள் என்று பெயர். இரண்டு பேர் முடிக்காகவே அணியிலிருந்து விலகினார்கள்.

சென்ற ஆடியில் அந்தக் கபடி மாணவியும் இன்னும் சிலரும் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். தமிழ்த் துறை என்பதால் பிழை பார்த்துத் தரக் கேட்டார்கள். உடல்நலம், பெண் சமத்துவம், விளையாட்டின் பெருமை என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அவற்றை அடித்துவிட்டு நான் மூன்று வரி மட்டும் விட்டுவைத்தேன்: பயிற்சி ஏழரைக்கு முடிகிறது, தண்ணீர் ஏழு மணிக்கு நிற்கிறது, எட்டேகால் வரை மோட்டார் போட வேண்டும். கீழே நாற்பது கையெழுத்து. நாற்பத்தோராவதாக நானும் போட்டேன். மின்கட்டணத்தைக் காரணம் காட்டி முதலில் மறுத்தார்கள், பிறகு வாரத்தில் மூன்று நாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி. செவ்வாயும் வெள்ளியும் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், தொட்டியில் தண்ணீர் போதாது என்றார் காப்பாளர். மீதி நாட்களுக்கு இரண்டாவது விண்ணப்பம் இப்போது என் மேசையில் இருக்கிறது. இந்த முறை அவர்களே மூன்று வரியில் எழுதியிருக்கிறார்கள்.